பதில்: காட்டியா, பின்னூட்டமா? (மின்வண்டிச் சொல்)

> சிக்கனமாக ஓட்டச் சொல்லி வண்டி தரும் ஃபீட்பேக்குக்கு 'சிக்கனக் காட்டி' போதுமே. இல்லையென்றால் பின்னூட்டம் இருக்கவே இருக்கிறது.

ஐயா, இரண்டுமே எனக்கு இடிக்கிறது. பின்னூட்டம் என்றதும் நம்மில் பாதிப்பேருக்கு வலைப்பதிவின் அடியில் எழுதுவதுதான் ஞாபகம் வரும், அது எல்லாம் முடிந்தபின் வருவது. வண்டி சொல்வதோ கால் மிதியில் இருக்கும்போதே. சரி, காட்டி? அது கண்ணுக்கு மட்டும். நிசான் 2008இல் அறிவித்த ஆக்சிலரேட்டர் மிதி, அளவுக்கு மீறி அழுத்தினால் காலையே எதிர்த்துத் தள்ளும். அதில் எதைக் காட்டுகிறது?

நான் கம்பத்துக்காரன், அடிக்கடி குமுளிக்கு மின்காரில் போய்வருகிறேன். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்ற எண் மளமளவென்று இறங்கி வயிற்றைக் கலக்கும். கணக்குப் போட்டால் அவ்வளவு பயமில்லை: 1600 கிலோ வண்டியை 450 மீட்டர் மேலே தூக்கக் கிட்டத்தட்ட 2 யூனிட், மற்ற இழப்புகள் தனி. இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் (அதே மலையில் குழாய்வழி இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரமாவது மாதிரிதான்). ஒரு தடவை குமுளியிலேயே முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினேன். பேட்டரியில் இடமில்லை, திரும்பி ஏறும் மின்சாரத்தைத் திரையில் காட்டும் பச்சைக்கோடு அசையவே இல்லை, வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அந்தக் கோடு இல்லாவிட்டால் இது எனக்கு உறைத்தே இருக்காது. இப்போதெல்லாம் மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுகிறேன்.

என் பரிந்துரை: செலவுணர்த்தி. கண், காது, கால் எதன் வழியாகச் சொன்னாலும் பொருந்தும், சென்சரை உணரி என்கிறோமே, அதற்கு ஜோடியாகவும் நிற்கும். பழந்தமிழில் செலவு என்றால் பயணமும்தான், பாலைத்திணையில் செலவழுங்கல் (கிளம்ப நினைத்த தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடுவது) என்று துறையே இருக்கிறது. குமுளியில் ஒரு மலையாள டிரைவரிடம் சொல்லிப் பார்த்தேன். செலவு உடனே புரிந்துவிட்டது. உணர்த்தி என்றதும் சிரித்துவிட்டார், அவர்கள் மொழியில் அது தூக்கத்திலிருந்து எழுப்புவது. அதுவும் பொருத்தம்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஓர் ஓட்டையை நானே சொல்லிவிடுகிறேன், இறக்கத்தில் வருகிற வரவு இதில் அடங்கவில்லை. வரவுசெலவுணர்த்தி என்று நீட்டினால் சட்டசபையில் பட்ஜெட் வாசிப்பதுபோல இருக்கிறது. இரண்டையும் அடக்குகிற சின்னச் சொல் யாரிடமாவது இருந்தால் என்னுடையதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.