வன்னி வகுப்பறைகளில் கணினி: நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

கணித ஆசிரியை, மல்லாவி:

எங்கள் வகுப்பறைகள் அரைச்சுவர்க் கட்டடங்கள். காலை ஒன்பது மணி தாண்டினால் வெயில் உள்ளே வந்துவிடும். புரொஜெக்டரில் போடும் எழுத்து வெளிறிப்போகும். ஆசிரியர்கள் ஏன் அதைத் தொடுவதில்லை என்று கேட்பவர்கள் அந்த நேரத்தில் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

ஆனால் சக ஆசிரியர் ஒருவர் மடிக்கணினியைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து நடத்திய பாடத்தை என்னால் மறக்க முடியவில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கான வகுப்பு, வட்டத்தின் கோணங்கள் பற்றிய தேற்றங்கள். இந்தத் தேற்றங்களைப் பிள்ளைகள் பிசகாமல் ஒப்பிப்பார்கள். வினாத்தாளில் படம் சற்றுச் சரிந்து வந்தால் தடுமாறுவார்கள். அவர் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் வட்டமும் அதில் ஒரு நாணும் வரைந்து, நாணின் இரு முனைகளையும் பரிதியிலுள்ள ஒரு புள்ளியுடன் இணைத்து, அந்தப் புள்ளியைக் காட்டி, "இதை நகர்த்தினால் கோணம் கூடுமா, குறையுமா? கொப்பியில் எழுதுங்கள்" என்றார். எல்லோரும் எழுதி முடிக்கும் வரை சுட்டியைத் தொடவேயில்லை. பிறகு கடைசி வாங்கில் இருந்த மாணவனை அழைத்து நகர்த்தச் சொன்னார். புள்ளி ஓடுகிறது, கோணம் 40 பாகையிலேயே நிற்கிறது. 'கூடும்' என்று எழுதியவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். புள்ளி நாணின் மறுபக்கம் போனதும் 40 சட்டென்று 140 ஆனது. "ஏன் சேர்?" என்றாள் ஒருத்தி. பின்னால் வரவேண்டிய வட்ட நாற்பக்கல், அதாவது நான்கு முனைகளும் வட்டத்தில் இருக்கும் நாற்பக்கல், அன்றே வந்துவிட்டது! அவர் உடனே திரையை அணைத்துவிட்டுக் கரும்பலகையில் நிறுவலைத் தொடங்கினார். அணைத்த அந்த நேரம்தான் அவருடைய திறமை என்பேன்.

விஞ்ஞான ஆசிரியர், புதுக்குடியிருப்பு:

ரீச்சர் சொல்வது முற்றிலும் சரி. நான் போன பயிற்சிகளில் ஸ்லைட் செய்யவும் அட்டவணை போடவும் பழக்கினார்கள். ஓமின் விதியைக் கற்பிக்கும்போது எந்த இடத்தில் கணினியைத் திறப்பது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. என் பாடத்துக்குள் வைத்துக் காட்டாத பயிற்சியால் என் மாணவனுக்கு என்ன பயன்?

பரிசோதனைகளைத் திரையில் செய்துபார்க்க உதவும், கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெட்' (PhET) செயலிகள் இலவசம். சில தமிழிலும் உண்டு. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் தேவையில்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில் மடிக்கணினியின் பற்றரி இருக்கும் வரை அவற்றை வைத்தே சமாளித்தேன். ஆனாலும் முதலில் உண்மையான மின்குமிழையும் உலர்மின்கலத்தையும் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுவேன். கம்பி சூடாவதை விரலால் உணராத பிள்ளைக்குத் மின்னோட்டத்தைக் காட்டத் திரையில் ஓடும் நீலப் புள்ளிகள் வெறும் புள்ளிகள்தான்.

ஒரு தாய், ஒட்டுசுட்டான்:

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது எங்கள் வீட்டில் ஒரே தொலைபேசி. அதுவும் காலையில் இவருடன் வயலுக்குப் போய்விடும். மகளின் வட்ஸ்அப் குழுவில் பெரிய பெரிய காணொளிகள் வந்து குவியும். டேட்டா போதாது, பாதியில் நிற்கும். வரலாறு ரீச்சர் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் தொலைபேசி எப்போது இருக்கும் என்று கேட்டறிந்து, இரவில் சிறிய குரல்பதிவுகளாக அனுப்பினார். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி இருக்கும். மகள் பதிலைக் கொப்பியில் எழுதிப் படமெடுத்து அனுப்புவாள். பிழை எந்த வரியில் என்று மறுநாள் இரவு பெயர் சொல்லிப் பதில் வரும். அந்த ஆண்டு அவள் ஒழுங்காகப் படித்த பாடம் அது ஒன்றுதான்.

சேர், அந்தத் தமிழ்ச் செயலிகளைப் பென்டிரைவில் போட்டுத் தர முடியுமா? எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் உதவும்.