கக்கனைப் பற்றி யாழினி பேசப் போகிறாள்

(குழு: மேலூர் வீட்டுச் சொந்தங்கள்)

மீனா: அண்ணே, யாழினிக்கு வெள்ளிக்கிழமை பேச்சுப் போட்டி. தலைப்பு முன்னாள் அமைச்சர் கக்கன். அவள் எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.

பாண்டி: நன்றாக எழுதியிருக்கிறாள் அக்கா. ஆஸ்பத்திரிக் கட்டத்தைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

பெரியண்ணன்: படித்தேன். முதலில் ஒரு திருத்தம். மேட்டூர் அணையை அவர் கட்டினார் என்று இருக்கிறது. அந்த அணை 1934-லேயே முடிந்துவிட்டது. வைகை அணை திறந்தது 1959. அப்போது பொதுப்பணித் துறை அமைச்சர் கக்கன்தான். அதைச் சொல்லலாம்.

மீனா: மாமா, நான் யாழினி. ஃபார்வர்டில் மேட்டூர் என்றுதான் இருந்தது. மாற்றிவிடுகிறேன்.

பெரியண்ணன்: சரிடா கண்ணு. இன்னொன்று. முக்கால்வாசிப் பேச்சு அவருடைய ஏழ்மையைப் பற்றியே இருக்கிறது. மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் இருந்தார், எம்.ஜி.ஆர். பார்த்துவிட்டு உதவினார், எல்லாம் சரி. ஆனால் அது கடைசிக் காலம். பதவியில் இருந்தபோது என்ன செய்தார் என்று கேட்டால் நம் ஊரிலேயே பலருக்குத் தெரியவில்லை. எனக்கு அது ரொம்ப வருத்தம்.

பாண்டி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம் அண்ணே?

பெரியண்ணன்: 1939 ஜூலை 8-லிருந்து. மதுரை காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் முன்னின்று, தாழ்த்தப்பட்டவர்களை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போன நாள். உள்ளே போனவர்களில் கக்கனும் ஒருவர். தும்பைப்பட்டியில் பிறந்தவர், 31 வயது வரை அந்த வாசலைத் தாண்ட முடியாமல் இருந்தவர். அப்புறம் நாட்டின் அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர். 1952-இல் மதுரை எம்.பி. 1957-இல் மேலூர் எம்.எல்.ஏ., கூடவே பொதுப்பணி, அரிஜன நலத் துறைகளின் அமைச்சர். 1962-இல் சமயநல்லூரில் ஜெயித்து விவசாய அமைச்சர். 1963-இல் உள்துறை. கோயிலுக்குள் விடாத ஊரில் பிறந்தவரின் கையில் மாநிலக் காவல்துறையே வந்தது. நானாக இருந்தால் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்.

மீனா: அண்ணே, வைகை அணையால் மேலூருக்கு என்ன என்று கேட்கிறாள்.

பெரியண்ணன்: பெரியாறு தண்ணீர் வைகை அணையில் தேங்கி, பேரணை என்ற தடுப்பணை வழியாகக் கால்வாயில் நம் பக்கம் வருகிறது. மதுரைக்காரர்கள் குடிக்கிற தண்ணீரும் அந்த அணையிலிருந்து வருகிறது.

செல்லையா சித்தப்பா: நானும் ஒன்று சொல்கிறேன். 1965-ஐ விட்டுவிடாதீர்கள். நான் அப்போது கல்லூரியில் முதல் வருடம். ஜனவரி 25 அன்று இந்தி எதிர்ப்பு ஊர்வலம் போன மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் மதுரையில் கைகலப்பு. பிறகு மாநிலம் முழுக்கக் கலவரம், துப்பாக்கிச் சூடு, எத்தனையோ உயிர் போனது. முதல்வர் பக்தவத்சலம், உள்துறை கக்கன். நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்களுக்குப் பல வருடம் ஆறவில்லை. 1967 தேர்தலில் கக்கன் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார்.

பாண்டி: சின்னப் பிள்ளை பேச்சில் அது வேண்டுமா சித்தப்பா?

செல்லையா சித்தப்பா: வேண்டும்ப்பா. செத்தவர்களும் பிள்ளைகள்தான்.

பெரியண்ணன்: சித்தப்பா சொல்வது நியாயம். ஒரு வரி சேர்த்துக்கொள் கண்ணு. பத்து வருடம் அமைச்சராக இருந்தவர் தோற்ற பிறகு வாடகை வீட்டில் இருந்தார் என்பதை அதற்கு அடுத்து வை. அப்போதுதான் அதற்குக் கனம் வரும். 1981 டிசம்பர் 23-இல் இறந்தார், தேதி சரியாக இருக்கட்டும்.

பாண்டி: நாலு நிமிடத்தில் அடங்குமா?

பெரியண்ணன்: ஆஸ்பத்திரிக் கதையை இரண்டு வரியாகக் குறைத்தால் அடங்கும்.

மீனா: குறைத்துவிட்டாள். வைகை அணைக்குத் தனியாக ஒரு பத்தி எழுதுகிறாள். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் பேசிக் காட்டுவாள். சித்தப்பா, நீங்களும் கட்டாயம் வாங்க.

செல்லையா சித்தப்பா: வருகிறேன்மா. சாப்பிட்டுவிட்டுத் தயாராக இருப்பேன்.