போட்டியில் சுட்டுப் பழகிய கை ஆபத்தில் கைகொடுக்குமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டாலஸ் பக்கமிருந்து:

கிரீன் கார்டு வரும்வரை நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை. எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை இங்கே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. அப்புறம் நண்பர் ஒருவர் யுஎஸ்பிஎஸ்ஏ (நகர்ந்துகொண்டே வேகமாகவும் குறி தவறாமலும் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டிகளை நடத்தும் அமெரிக்க அமைப்பு) போட்டிக்கு அழைத்துப்போனார். அன்று முதல் விடாமல் போகிறேன்.

போன குளிர்காலத்தில் ஒரு இரவு, கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவன் இரும்புக் கம்பியோடு நேராக என்னை நோக்கி வந்து பர்ஸைக் கேட்டான். மனைவி காருக்குள். என் இடது கை சட்டையைத் தூக்கியது, வலது கை துப்பாக்கிப் பிடியில் போய் உட்கார்ந்தது. யோசித்துச் செய்ததல்ல. கண் அவன் கைகளை விட்டு அகலவே இல்லை. டைமர் சத்தம் கேட்டதும் போட்டியில் செய்கிற அதே அசைவுதான். போட்டி வெறும் விளையாட்டு, எதற்கும் உதவாது என்று யாராவது சொன்னால் ஏற்க மாட்டேன்.

ஆனால் குரல் வரவில்லை. போட்டியில் நாம் யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லையே! பம்ப்புக்கு அந்தப் பக்கம் நகர்ந்த பிறகுதான் "நில்லு, பின்னால போ" என்று கத்த முடிந்தது. அவன் நின்றான், என் கை இருந்த இடத்தைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரவில்லை. உடனே 911-ஐ அழைத்தோம்.

போட்டியில் சுடுவதற்கு முன் ஸ்டேஜை, அதாவது அட்டை இலக்குகள் வைத்திருக்கும் களத்தை, சுற்றி நடந்து பார்க்க விடுகிறார்கள். எந்த இடத்தில் நின்று எந்த அட்டையைச் சுடுவது என்று திட்டம் போட்டுக்கொள்ளலாம். சுடக்கூடாத அட்டையும் பார்த்ததுமே தெரியும். அன்று வந்தவன் சுட வேண்டிய அட்டையா, சுடக்கூடாத அட்டையா என்பதை நானேதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

ஹூஸ்டனிலிருந்து:

சாயக் குண்டுகளை வைத்து ஆளுக்கு ஆள் மோதும் வகுப்புக்குப் போயிருந்தேன். எங்கள் கிளப்பிலேயே வேகமாகச் சுடுகிறவரும் வந்திருந்தார். துப்பாக்கியை உருவினார், முதல் குண்டே எதிராளியின் நெஞ்சில். ஆனால் அசையாமல் நின்றபடியே சுட்டார். பக்கத்திலேயே தூண் இருந்தும் அதன் பின்னால் போகவில்லை. அவர் சட்டை முழுக்க நீலச் சாயம். அட்டை திருப்பிச் சுடாது என்பது உடம்பில் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

நியூ ஜெர்சியிலிருந்து:

நியூயார்க் போலீசில் இருந்த ஜிம் சிரில்லோவைப் பற்றிப் படித்துப் பாருங்கள். 1968-ல் தொடங்கிய ஒரு பிரிவில் வேலை: கடைக்குள் மறைந்திருந்து ஆயுதக் கொள்ளையர்களை எதிர்கொள்வது. அவரே போட்டிகளில் சுட்டவர். அந்த மாதிரி வேலைக்குப் போட்டிக்காரர்கள் பொருத்தமானவர்கள் என்பது அவர் கருத்து. 2019 டிசம்பரில் டெக்சாஸின் வைட் செட்டில்மென்ட் ஊரிலுள்ள தேவாலயத்தில் இருவரைச் சுட்டவனை ஜாக் வில்சன் ஒரே குண்டில் வீழ்த்தினார். எல்லாம் சுமார் 6 விநாடியில் முடிந்தது. அவர் துப்பாக்கிப் பயிற்சியாளர். கூட்டத்துக்கு நடுவே அப்படிச் சுட, கை பழகியிருக்க வேண்டும்.

நான் ஐடிபிஏ (தற்காப்புச் சூழலை ஒட்டிய கைத்துப்பாக்கிப் போட்டி) பக்கம் போவதற்குக் காரணம், அங்கே மேல்சட்டைக்குள்ளிருந்து உருவ வேண்டும், மறைவிடம் இருந்தால் அதன் பின்னாலிருந்துதான் சுட வேண்டும். ஆனாலும் ஓடித் தப்பிக்க அங்கேயும் மதிப்பெண் கிடையாது.

டாலஸ் நண்பரே, உங்கள் மனைவி அந்த நேரத்தில் என்ன செய்தார்? நான் கத்தினால் கதவைப் பூட்டிவிட்டு 911-ஐ அழைப்பது அவள் பொறுப்பு என்று எங்கள் வீட்டில் பேசி வைத்திருக்கிறோம்.