மறு: மறு: ஸ்டேக்ஹோல்டருக்கு என்ன சொல்? (வெள்ளிக்கிழமை அச்சு)

குழுவினருக்கு வணக்கம். வேளாண்மையில் நைட்ரஜன் மாசு பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் ஓரளவு முடிந்தது, ஸ்டேக்ஹோல்டரில் மாட்டிக்கொண்டேன். பங்குதாரர் என்று போட்டால் கம்பெனிப் பங்கு வைத்திருப்பவர் வந்து நிற்கிறார். இங்கே சொல்ல வருவது உரமிடும் உழவர், உரம் விற்பவர், மாடு வளர்ப்பவர், நைட்ரேட் இறங்கிய கிணற்று நீரைக் குடிப்பவர், ஆற்றின் கடைசியில் மீன்பிடிப்பவர் என எல்லாரையும். ஆராய்ச்சிக் கேள்வியை எழுதும் முன்பே இவர்களைக் கேட்க வேண்டும் என்பதுதான் கையேட்டின் சாரமே. அப்படி இவர்களைக் கேட்டுச் செய்யும் அறிவியலுக்கும் ஒரு சொல் வேண்டும்.

---

பங்காளி?

---

பங்காளி என்றாலே வரப்புச் சண்டை நினைவுக்கு வருகிறது, வேண்டாம்.

மூலத்தைப் பார்ப்போம். பந்தயம் கட்டிய இருவரும் பணத்தை நம்பிக் கொடுத்துவைக்கும் மூன்றாம் ஆள்தான் முதலில் ஸ்டேக்ஹோல்டர். யார் வென்றாலும் அவருக்கு ஒன்றும் இல்லை. இன்றைய பொருளோ நேர் எதிர், இழக்க ஏதாவது இருப்பவர்தான் ஸ்டேக்ஹோல்டர். ஆகவே பணயம், பணயத்தார். பணையம் என்றும் எழுதுவதுண்டு. பணை என்றால் பருத்தல், மூங்கில், முரசு, வயல். வயல்! உழவுக் கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

---

ஐயா, பணயத்தார் என்றால் என் மாணவர்கள் பணயக் கைதி என்றுதான் படிப்பார்கள். அக்கறையாளர் என்று வைக்கலாமே, கேட்டவுடன் புரியும்.

---

> அக்கறையாளர்

றகரம் ரகரமானால் அக்கரைக்காரர் ஆகிவிடுவார். போகட்டும், தெலுங்கில் அக்கர என்றால் தேவை, கன்னடத்தில் அக்கரெ என்றால் அன்பு. யார் யாரிடம் வாங்கியது என்று தெரியாமல் கலைச்சொல் ஆக்குவதா? அப்புறம், நைட்ரஜனை மட்டும் ஏன் அப்படியே விட்டீர்கள்? வெடியுப்பிலிருந்து வருவது என்ற பொருளில்தான் 1790இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷப்தால் அந்தப் பெயரை வைத்தார். வெடியம் என்று நம்மிடமே சொல் இருக்கிறது.

---

வெடியம் மாசு என்று அட்டையில் போட்டால் பட்டாசுப் புகை பற்றிய நூல் என்று நினைப்பார்கள். உழவர் சொல்வது தழைச்சத்து. ஆனால் தழைச்சத்து மாசு என்றால் சத்து எப்படி மாசாகும் என்று கேட்பார்கள். (தயவுசெய்து யாரும் அமிர்தமும் நஞ்சு என்று தொடங்க வேண்டாம்.) நைட்ரஜனே இருக்கட்டும்.

அக்கறையாளருக்கு என் மறுப்பு வேறு. நான் மண்ணியல் பாடம் எடுப்பவன். இடும் உரத்திலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறையப் பாதிதான் பயிருக்குப் போகிறது. மிச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில், ஒரு பகுதி நைட்ரேட்டாக நிலத்தடி நீரில், கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாக வானத்தில். அந்தக் கொஞ்சம்தான் 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டையாக்சைடைப் போல சுமார் 270 மடங்கு சூடேற்றுகிறது. ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழி திறந்துகொள்ளும். சாணக் கரைசலை மேலே தெளிக்காமல் மண்ணுக்குள் செலுத்தினால் அம்மோனியா குறையும், நைட்ரஸ் ஆக்சைடு கூடக்கூடும். எதை முதலில் குறைப்பது என்று ஆய்வுக்கூடம் மட்டும் முடிவு செய்தால், அதற்கான விலையை அந்த அறையில் இல்லாத ஒருவர் கொடுப்பார். கிணற்றில் நைட்ரேட் இருப்பதே தெரியாமல் குடிப்பவருக்கு இதில் என்ன அக்கறை இருக்க முடியும்? ஆனால் இழப்பு அவருக்குத்தான். உர வியாபாரிக்கோ அக்கறை ஏராளம். அந்தச் சொல் தவறான ஆளை முன்னால் உட்கார வைக்கிறது. தொடர்புடையோர் என்று போடுங்கள், சப்பென்று இருந்தாலும் பரவாயில்லை.

---

> தொடர்புடையோர்

"சம்பவத்தில் தொடர்புடையோர் கைது."

---

சிரித்துவிட்டேன். உரியோர் உசாவிய அறிவியல் என்றால் அழகாக இருக்கிறதே?

---

உசாவுதல் எனக்கும் பிடித்த சொல்தான் அக்கா, வகுப்பில் யார் அந்த உஷா என்று கேட்பார்கள்.

---

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை கோப்பை அனுப்பியாக வேண்டும். தொடர்புடையோருக்கு நான்கு பேர், அக்கறையாளருக்கு இரண்டு பேர், மற்றவர்கள் இன்னும் வெடியத்தில் இருக்கிறார்கள். தொடர்புடையோர் என்றே போடுகிறேன், முதலில் வரும் இடத்தில் மட்டும் யார் யார் என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். அறிவியலுக்குக் கேட்டறிந்து செய்யும் அறிவியல் என்று நீட்டி எழுதிவிட்டேன், சொல் ஒன்றும் ஆக்கவில்லை.

---

அவசரத்தில் எடுத்த முடிவு. பணயத்தாருக்கு யாரும் இதுவரை இலக்கண மறுப்பு சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். நிலத்தில் அடிக்கும் முளை என்ற பொருளில் வரும் இன்னொரு ஸ்டேக் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.