பிரின்ஸ் ஆஃப் பெர்சியா டாஸ் பதிப்பு: ஓட்டம் திக்குகிறது

கேள்வி:
பழைய கணினி விளையாட்டான பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை மறுபடி விளையாட ரொம்ப நாள் ஆசை. ஓடிவரும் இளவரசன் சட்டென்று நிற்காமல் ஒரு அடி சறுக்கி நிற்பானே, அதைப் பார்க்கவே போதும். ஆனால் டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) திக்கித் திக்கி ஓடுகிறான். என்ன செய்யலாம்?

பதில்:
கன்ட்ரோலோடு எஃப்12 தட்டுங்கள், வேகம் கூடும். எஃப்11 குறைக்கும். ரொம்ப ஏற்றினால் ஒலி விட்டு விட்டு வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்:
அந்தச் சறுக்கல் நிஜ மனிதருடையது நண்பரே! விளையாட்டை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு அசைவையும் வரைந்தார். விளையாட்டு 1989-இல் ஆப்பிள் II கணினிக்கு முதலில் வந்தது. இன்னொரு பாத்திரத்துக்கு அந்தக் கணினியின் நினைவகத்தில் இடமில்லை. அதனால் இளவரசனின் படங்களையே மாற்றிக் காட்டி நிழல் மனிதனை உருவாக்கினார். 4-ஆம் கட்டத்தில் கண்ணாடிக்குள் பாய்ந்ததும் மறுபக்கம் ஓடுவானே, அவன்தான். 12-ஆம் கட்டத்தில் அவனை வெட்டினால் நம் உயிர்தான் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி நடக்க வேண்டும். இவ்வளவு அழகான முடிச்சு இடப் பற்றாக்குறையில் பிறந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கேள்வி கேட்டவர்:
எஃப்12 வேலை செய்தது, மிக்க நன்றி! 60 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டுமே, சேமிக்கும் விசை எது?

பதில்:
கன்ட்ரோல் ஜி. 3-ஆம் கட்டத்திலிருந்துதான் சேமிக்க விடும்.