கோழி மீட்லோஃபுக்குப் பாக்கெட் ரொட்டித்தூளா, வீட்டு ரொட்டியா?

செம்பனைச்சாலை: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைங்க ஈப்போவிலிருந்து வர்றாங்க, மீட்லோஃப் வேணுமாம், அதான் கொத்துக்கறியைக் கட்டியாப் பிடிச்சு ஓவன்ல சுடுறது. மாடு சேர்க்கிறதில்லை, அதனால கோழிக் கொத்துக்கறி ஒரு கிலோ எடுக்கப் போறேன். கடையில 'செர்புக் ரொட்டி'ன்னு ரொட்டித்தூள் பாக்கெட் இருக்கு. ரொட்டிக்காரர் மோட்டார்ல கொண்டுவந்த ரொட்டியும் பாதி மிச்சம் இருக்கு. எதைப் போடலாம்?

லயத்து_அக்கா: தங்கச்சி, மிச்ச ரொட்டியே போதும். ஓரத்தை எடுத்துட்டு, கையால உதிர்த்து ரெண்டு கப் எடு. அரைக் கப் பாலை ஊத்திப் பத்து நிமிஷம் ஊற வை. கூழாகப் பிசைஞ்சப்புறம்தான் முட்டை, கறி எல்லாம். டீக்குப் போடுற கட்டிப்பால் வேண்டாம், கறி இனிச்சுடும். ரொட்டித்தூள் கறியை ஒட்ட வைக்கத்தான்னு பலர் நினைக்கிறாங்க. அந்த வேலையை முட்டை பார்த்துக்கும். ரொட்டி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், கறி வேகும்போது இறுகிப் போகாம நடுவில நிக்கும்.

பேக்கரி_தம்பி: அக்கா சொல்ற காரணம் சரி, அளவுதான் கோழிக்குப் பொருந்தாது. பேக்கரியில வேலை செய்யறவன் சொல்றேன். ஐஸ்ல வச்ச கோழிக் கொத்துக்கறி உருகும்போதே தண்ணி விடும். அதுல பால் குடிச்ச ரொட்டியையும் சேர்த்தா வெட்டும்போது துண்டு நிக்காது, சரிஞ்சுடும். காய்ஞ்ச தூள்தான் சரி. அதுவும் வீட்டிலேயே செய்யலாம்: ரொட்டியைக் கிழிச்சு 150 டிகிரியில பத்திலிருந்து பதினஞ்சு நிமிஷம், நடுவில ஒரு தடவை கிளறி, முறுமுறுன்னு ஆனதும் ஆறவிட்டுப் பொடியுங்க. ஒரு கிலோவுக்கு ஒரு கப் தாராளம்.

லயத்து_அக்கா: காய்ஞ்ச தூளை அப்படியே கொட்டினா அது கறியிலிருக்கிற சாற்றைத்தானே உறிஞ்சும்? தோலில்லாத நெஞ்சுக்கறியா இருந்தா சொல்லவே வேண்டாம், சக்கை. கறி தண்ணியா இருந்தா பாலைக் குறை தம்பி, ஊறவைக்கிறதை விடாதே.

பேக்கரி_தம்பி: ஊறவைக்க வேண்டாம்னு நான் சொல்லலையே அக்கா. காய்ஞ்ச தூளில ஏற்கெனவே ஈரம் இல்லை, அதனால எவ்வளவு பால் போகுதுன்னு நம்ம கையில இருக்கு. புது ரொட்டியில எவ்வளவு ஈரம் இருக்குன்னு யார் அளந்தா? நம்ம ஊர் சாண்ட்விச் ரொட்டி மெத்துமெத்துன்னு, கொஞ்சம் இனிப்பாவும் இருக்கும். ரெண்டு கப் போட்டா அந்த இனிப்பு கறியில தெரியும்.

கிராணி_வீடு: எங்க வீட்டில கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டைப் பொடிச்சுப் போடுவோம். அதுலயே உப்பு இருக்கு, கறிக்கு உப்பைக் குறைச்சுக்கணும். ரொட்டி இல்லாத நாளுக்கு நல்லா உதவும்.

செம்பனைச்சாலை: ரொட்டி இப்பவே கெட்டியா ஆயிடுச்சே, அதைக் காய்ஞ்சதுன்னு எடுத்துக்கலாமா?

பேக்கரி_தம்பி: இல்லக்கா, இது முக்கியம். பையில கட்டி வச்ச ரொட்டி கெட்டியாகறதுக்குக் காரணம் உள்ளே மாவுச்சத்து இறுகறதுதான், ஈரம் போயிடலை. குளிர்பெட்டியில வச்சா இன்னும் சீக்கிரம் அப்படி ஆகும். காயணும்னா சூட்டில காட்டணும். வெயில்ல காயப்போட்டு நம்பாதீங்க, நம்ம ஊர்க் காத்தில ஈரம் திரும்ப ஏறிடும். ஒரு இடத்தில பூசணம் தெரிஞ்சாலும் அதை மட்டும் வெட்டி எடுக்காம முழுசா வீசுங்க. பொடிச்ச தூளை இறுக மூடி ஐஸ் பெட்டியில வைங்க.

லயத்து_அக்கா: அது எனக்கும் ஒப்புதல். ஆனா மட்டன் கொத்துக்கறின்னா நான் புது ரொட்டிதான் போடுவேன், யார் என்ன சொன்னாலும். மட்டன் கொழுப்பு உருகி வரும்போது அதைக் குடிச்சு மெத்துன்னு நிக்கிறது புது ரொட்டி. காய்ஞ்ச தூள் போட்டுச் சாப்பிட்டிருக்கேன், வாயில மண் மாதிரி தட்டுப்பட்டுது.

பேக்கரி_தம்பி: அது நைஸா அரைச்ச பாக்கெட் தூளா இருந்திருக்கும். கொரகொரன்னு பொடிச்சுப் பாருங்க, பேச்சு மாறும்.

லயத்து_அக்கா: மாறாது தம்பி. தங்கச்சி, எந்த ரொட்டியா இருந்தாலும் வெங்காயத்தைப் பச்சையாப் போடாதே, அதுவும் தண்ணி விடும். வதக்கி ஆறவிடு. உப்புப் போட்டு ரொம்ப நேரம் பிசையாதே, சாசேஜ் மாதிரி இழுவையாயிடும்.

செம்பனைச்சாலை: நன்றி அக்கா, தம்பி. நான் வாங்கப் போறது ஐஸ் கோழிதான், அதனால இந்தத் தடவை காய்ஞ்ச தூள், பால் கால் கப். என்னோடது சின்ன ஓவன், 180 டிகிரி போதுமா?

பேக்கரி_தம்பி: போதும். ஒரே கட்டியா வைக்காம ரெண்டு சின்ன தட்டில பிரிச்சு வைங்க. நடுவில தெர்மோமீட்டர் குத்தி 74 டிகிரி காட்டணும், கோழிக்கு அதுக்குக் கீழே எடுக்கக் கூடாது. வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் கழிச்சு வெட்டுங்க.

லயத்து_அக்கா: அடுத்த தடவை மட்டன் எடு தங்கச்சி. ஒரு தட்டு என் முறை, ஒரு தட்டு தம்பி முறை. பிள்ளைங்க எதை முதல்ல காலி பண்றாங்கன்னு இங்கேயே எழுது.