அட்டையில் ஒரு நிறம், சுவரில் ஒரு நிறம்: அறைகளுக்குப் பெயின்ட் தேர்வு குறித்த அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

கடையில் காட்டும் ஷேடு கார்டு அட்டையில் பார்த்துப் பிடித்துப்போன நிறம் சுவரில் ஏறியதும் வேறாகத் தெரிகிறது. பெயின்ட் வேலையில் இதைவிட அதிகமாகக் காதில் விழும் குறை இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும், எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது என்று எழுதுங்கள். "நீலம் அமைதி தரும், மஞ்சள் உற்சாகம் தரும்" போன்ற பொதுப்பேச்சு எங்கும் கிடைக்கிறது, இங்கே வேண்டாம்.

உள் அலங்கார வேலை செய்பவர்

நிறத்தைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். தரை, டைல்ஸ், திரைச்சீலைத் துணி, சோபா, விளக்கு எல்லாம் உறுதியான பிறகுதான் பெயின்ட். பெயின்டில் ஆயிரக்கணக்கில் ஷேடு உண்டு. கல்லிலும் துணியிலும் அவ்வளவு கிடையாது. சுவரை முதலில் அடித்துவிட்டால் அதற்கு ஒத்துப்போகும் துணியைத் தேடி அலைய வேண்டிவரும்.

அட்டை ஏன் ஏமாற்றுகிறது என்றால், அறையில் நான்கு சுவர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. மஞ்சள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி மஞ்சளாகி எதிர்ச்சுவரில் விழுகிறது; அங்கே இன்னும் கொஞ்சம் மஞ்சளேறித் திரும்புகிறது. அதனால் அட்டையில் இருப்பதைவிட அறைக்குள் நிறம் எப்போதும் கெட்டியாகத்தான் தெரியும். மஞ்சள், பீச், பச்சை, இளஞ்சிவப்பு ஆகியவற்றில் இது மிகவும் கூடுதல். அட்டையில் பிடித்ததற்கு ஒரு படி வெளிறியதை, சற்றே சாம்பல் கலந்ததை எடுங்கள். அட்டையில் மந்தமாகத் தெரியும் அந்த ஷேடுதான் நான்கு சுவரிலும் ஏறியபின் நீங்கள் நினைத்த நிறமாக வரும்.

மாதிரியைச் சுவரில் நேராக அடிக்க வேண்டாம். பழைய நிறம் சுற்றிலும் இருப்பதால் கண் ஏமாறும். அடித்த திட்டின் (பேட்ச்) விளிம்பில் நிற்கும் தடிப்பும் பிறகு அடிக்கும் பூச்சில் (கோட்) வரிவரியாக எழும்பித் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி அளவில் இரண்டு பலகைகள் போதும். பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட், நிறம் இரண்டு கோட், அதே ரோலரில். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) ஈரத்தில் பால் கலந்தாற்போல் வெளிறியிருக்கும், காய்ந்ததும் ஒரு சாயல் இருளும். காயாத பேட்ச்சைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் டார்க் வேண்டும்" என்று சொல்வது வேலைத்தளத்தில் அடிக்கடி நடக்கிற தவறு.

காய்ந்த பலகைகள் இரண்டையும் மூலையில் ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிறுத்துங்கள். மடிப்புக்கு அருகில் நிறம் எப்படி அடர்த்தியாகிறது என்று பாருங்கள். முழு அறையும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் சாயும். பலகையை மேஜையில் படுக்கவைத்துப் பார்ப்பதில் பயனில்லை. படுத்த பரப்பில் விழும் ஒளி வேறு, நின்ற சுவரில் விழும் ஒளி வேறு. காலை, நண்பகல், மாலை, விளக்குப் போட்ட பின் என நான்கு வேளையும் பாருங்கள். சன்னல் இருக்கும் சுவரில் ஒரு முறை, அதற்கு எதிர்ச்சுவரில் ஒரு முறை. ஒரே பலகைதானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு வேறுபாடு தெரியும்.

நேர் வெயில் விழாத அறைக்கு வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது, அதில் நீலம் ஓடும். வட அரைக்கோளத்தில் இது பெரும்பாலும் வடக்குப் பார்த்த அறை, தென் அரைக்கோளத்தில் தெற்குப் பார்த்தது. அங்கே சாம்பல் அடித்தால் நீலமாகிவிடும். மஞ்சளோ சிவப்போ லேசாக உள்ளோடும் நிறம் வேண்டும். மேற்குப் பார்த்த அறையில் மாலை வெயில் ஆரஞ்சாக இறங்கும், அங்கே பீச் அடித்தால் அந்த நேரத்தில் கண்ணைக் குத்தும். சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். அடர்ந்த மரம் ஒட்டி நின்றால் வெள்ளைச் சுவரில் பச்சை படியும். எதிரே செங்கல் சுவர் இருந்தால் சிவப்பு வரும்.

டின்டிங் மெஷினில் நிறம் கலப்பவர்

நிறத்தோடு அது எந்த பேஸில் (நிறம் சேர்ப்பதற்கு முன் டின்னில் இருக்கும் பெயின்ட்) கலக்கப்படுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிர் நிறங்களுக்கான பேஸில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி நிறைய இருக்கும். பின்னால் இருப்பதை மறைப்பது அதுதான். அடர் நிறங்களுக்கான பேஸில் அது மிகக் குறைவு, சிலவற்றில் இல்லவே இல்லை. இருந்தால் நிறம் வெளிறிவிடும். ஆகவே பளிச்சென்ற சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு ஆகியவை இரண்டு கோட்டில் மூடாது. இவற்றின் நிறமிகளே பெரும்பாலும் ஒளி ஊடுருவக்கூடியவை. மூன்று, சில சமயம் நான்கு கோட் ஆகும். சிவப்புக்கு அடியில் நடுத்தரச் சாம்பலில் ஒரு கோட் அடித்தால் மேல் கோட்டில் ஒன்று மிச்சமாகும். மஞ்சளுக்கு அடியில் சாம்பல் போட்டால் அழுக்காகும். அங்கே வெள்ளை, அல்லது அதே மஞ்சளின் வெளிறிய ஷேடு.

உள்ளோடும் சாயலைக் கண்டுபிடிக்கத் தனி ஷேடைப் பார்த்தால் தெரியாது. அதே வரிசையில் கடைசியாக இருக்கும் மிக அடர்ந்த ஷேடைப் பாருங்கள். வெளிறிய சாம்பலின் கடைசிப் படி ஊதாவாக இருந்தால், இந்தச் சாம்பலும் சுவரில் ஊதா பக்கம் சாயும். சாம்பலில் நீலம், பச்சை, ஊதா என்று மூன்று பக்கம் உண்டு. பெய்ஜில் இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை. பழுப்புத் தரையின் மேல் இளஞ்சிவப்பு ஓடும் பெய்ஜ் அடித்தால் சுவர் தோல் நிறத்துக்குப் போய்விடும், பார்க்கச் சகிக்காது.

வெள்ளையைத் தேர்வு செய்யும்போது பிரின்ட் எடுக்கும் ஏ4 தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்தத் தாளில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் உண்டு. பகல் வெளிச்சத்தில் அது நீலமாக ஒளிரும். அதன் அருகே எந்த வெள்ளையும் மஞ்சளாகத்தான் தெரியும். நான்கைந்து வெள்ளைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து அவற்றுக்குள்ளேயே ஒப்பிடுங்கள்.

பல நிறுவனங்களின் ஷேடு கார்டில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை. வெளிச்சம் குறைந்த அறைக்கு 60-க்கு மேல் எடுங்கள். 30-க்குக் கீழே போனால் விளக்கு கூட்ட வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

போன் திரையில் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டாம். ஒரே படம் இரண்டு போனில் இரண்டு நிறமாகத் தெரியும்.

பெயின்டிங் கான்ட்ராக்டர்

மேலே இருவரும் நிறத்தைச் சொல்லிவிட்டார்கள். அந்த நிறம் பாதி கெடுவது பளபளப்பில். ஒரே ஷேடு எண்ணை மேட்டிலும் (பளபளப்பில்லாதது) சாட்டினிலும் (மெல்லிய பளபளப்பு உள்ளது) கலந்து அடித்தால் இரண்டு நிறமாகத் தெரியும். மேட் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறவிடும், அதனால் சற்று வெளிறித் தெரியும். பளபளப்பு கூடக் கூட நிறம் ஆழமாகும். மாதிரிப் பலகையை மேட்டில் பார்த்துவிட்டு வேலையில் சாட்டின் கேட்டால் ஏமாற்றம் நிச்சயம்.

கூரைக்கு மேட். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் மேட் அல்லது மிகக் குறைந்த பளபளப்பு. சமையலறை, குளியலறை, குழந்தைகள் கை படும் நடைவழிக்குச் சாட்டின், துடைத்தால் தாங்கும். ஆனால் சாட்டின் சுவரின் மேடுபள்ளத்தை எல்லாம் காட்டிக்கொடுக்கும். பட்டி பார்த்துத் தேய்த்து முடித்ததும், இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்தாற்போல் பிடித்து ஒளியைச் சுவர்மேல் ஓடவிடுங்கள். பட்டிக் கரண்டி திரும்பிய கோடு, உப்புத்தாள் விட்ட வட்டம், ஆணி அடைத்த குழி எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். லேசாகப் பென்சிலால் வட்டமிட்டு மறுநாள் அந்த இடத்தை மட்டும் சரி செய்யுங்கள். பக்கவாட்டு வெளிச்சம் விழும் சன்னலோரச் சுவருக்கு இதைச் செய்யாமல் சாட்டின் அடிக்கவே கூடாது.

புது சிமென்ட் பூச்சு குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். அதற்கு முன் அடித்தால் பூச்சின் காரத்தன்மை சில நிறமிகளைத் தின்றுவிடும், திட்டுத்திட்டாக வெளுக்கும். ஈரமும் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூக்கும். கசிவு இருக்கும் சுவரில் எந்த நிறமும் நிற்காது, முதலில் கசிவை அடையுங்கள்.

அளவுக் கணக்கு: 12-க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. சுற்றளவு 44, பத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு 7×3, சன்னல் 4×4 கழித்தால் 403. நல்ல எமல்ஷன், பட்டி பார்த்து பிரைமர் அடித்த வழவழப்பான சுவரில் ஒரு கோட்டுக்கு லிட்டருக்குச் சுமார் 120 சதுர அடி ஓடும். இரண்டு கோட்டுக்கு 806. 120-ஆல் வகுத்தால் 6.7 லிட்டர். கூட ஒரு லிட்டர் மீதிக்கு. சொரசொரப்பான சுவரில் இந்தக் கணக்கு நிற்காது, டின்னில் போட்டிருக்கும் பரப்பளவையும் பாருங்கள்.

எல்லா டின்னையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே அடிக்க வேண்டும். ஒரே ஷேடு எண், ஒரே மெஷின் என்றாலும் டின்னுக்கு டின் மெல்லிய வேறுபாடு வரும். சுவரின் நடுவில் டின் மாறினால் கோடு தெரியும். தண்ணீரும் டின்னில் எழுதியிருக்கும் அளவுதான். அதிகம் ஊற்றினால் பரப்பளவு கூடுவதுபோல் தோன்றும், மூன்றாவது கோட்டில் அதைத் திருப்பிக் கொடுப்பீர்கள்.

விளக்கு வேலை செய்பவர்

நான்கு வேளையும் பலகையைப் பார்க்கச் சொன்னதில் இரவு மிக முக்கியம். பல்பு எத்தனை கெல்வின் (ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் எண்) என்று பாருங்கள். 2700 முதல் 3000 வரை மஞ்சள் ஒளி: பெய்ஜ், மண் நிறங்கள் செழிக்கும், நீலம் மங்கும். 4000 நடுநிலை. 6500 நீல வெண்மை: சாம்பல் சுவர் பூசாத சிமென்ட்டாகிவிடும், பீச் வெளுக்கும். சுவர் அடித்து முடித்தபின் பல்பை மாற்றினால் பெயின்டரைத் திட்டுவதில் நியாயமில்லை.

சி.ஆர்.ஐ. என்ற எண்ணும் பெட்டியில் இருக்கும், அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு அது. 80-க்குக் கீழே இருந்தால் சிவப்புகள் செத்துப்போகும்; நிறத்தில் அக்கறை இருந்தால் 90 வாங்குங்கள். திரைச்சீலையும் சுவரும் பகலில் ஒன்றுபோல் இருந்து இரவில் பிரிந்து தெரிவது உண்டு. இரண்டிலும் நிறமிகள் வேறு, அவை ஒரு விளக்கில் ஒத்துப்போகும், இன்னொன்றில் ஒத்துப்போகாது. எனவே வீட்டில் எரியப்போகும் அதே பல்பின் கீழ் துணியையும் பலகையையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, சன்னல் இருக்கும் சுவருக்கு அடர் நிறம் வேண்டாம். பகலில் சன்னல் பளீரென்று, சுற்றியுள்ள சுவர் கறுத்து நிற்கும். அந்த வேறுபாடு கண்ணைக் கூசவைக்கும். ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் வேண்டுமென்றால் சன்னலுக்கு எதிர்ச்சுவரை எடுங்கள், வெளிச்சம் நேராக விழுந்து நிறம் நன்றாகத் தெரியும். டி.வி.க்குப் பின்னால் அடர்ந்த சாம்பல், மேட் மட்டும். சாட்டின் போட்டால் விளக்குகள் அதில் மின்னும்.

குளியலறையில் பச்சை அடிப்பவர்கள் கண்ணாடியை நினைவில் வையுங்கள். சின்ன அறை, சுவர் பக்கத்தில், பச்சை ஒளி முகத்தில் படியும். சவரம் செய்பவருக்கும் மேக்கப் போடுபவருக்கும் முகம் காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல் தெரியும். அங்கே வெதுவெதுப்பான வெள்ளை பாதுகாப்பு.

உள் அலங்கார வேலை செய்பவர்

ஒரு சுவர் அடர் நிறம் பற்றி ஒரு திருத்தம். எந்தச் சுவர் என்பதை வெளிச்சத்தோடு அறையின் வடிவத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நீண்டு குறுகிய அறையில் கடைசியில் இருக்கும் குறுஞ்சுவரை அடர்த்தியாக்கினால் அது முன்னே வந்து அறை சதுரமாகத் தெரியும். நீளச் சுவரில் அடித்தால் அறை இன்னும் சந்துபோல் ஆகும். கூரை தாழ்வாக இருந்தால் சுவரின் நிறத்தையே, சேர்க்கும் நிறமியைப் பாதியாக்கிக் கலந்து கூரைக்குப் போடலாம். சுவர் எங்கே முடிகிறது என்ற கோடு மங்கிவிடும்.

கதவுகளைத் திறந்துவைத்துக் கூடத்தின் நடுவில் நில்லுங்கள். அங்கிருந்து எத்தனை அறைச் சுவர்கள் கண்ணில் படுகின்றனவோ அத்தனையும் ஒரே தேர்வு. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக அட்டையிலிருந்து எடுத்த வீடுகள் இங்கேதான் சிதறிப்போகின்றன. கூரை வெள்ளையையும் கதவுச் சட்ட வெள்ளையையும் வீடு முழுக்க ஒன்றாக வைத்தால் அறைக்கு அறை நிறம் மாறினாலும் தொடர்ச்சி கெடாது.

பெயின்டிங் கான்ட்ராக்டர்

கதவுச் சட்டத்துக்கு எண்ணெய் எனாமல் வெள்ளை போட்டால், வெளிச்சமில்லாத நடைவழியில் அது காலப்போக்கில் மஞ்சளாகும். இருட்டில்தான் மஞ்சள் ஏறும். தண்ணீர் கலந்து அடிக்கும் எனாமல் எடுங்கள்.

இரண்டு நிறம் சந்திக்கும் மூலையில் நேர்கோடு வரவேண்டுமானால்: வெளிர் நிறத்தை மூலை தாண்டிச் சற்று அடித்துக் காயவிடுங்கள். டேப் ஒட்டி விளிம்பை விரலால் அழுத்துங்கள். அந்த விளிம்பின் மேல் முதலில் அதே வெளிர் நிறத்தை ஒரு முறை தடவுங்கள். டேப்புக்கு அடியில் இருக்கும் இடுக்கை அது அடைத்துவிடும். காய்ந்தபின் அடர் நிறம். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக இழுங்கள். காய்ந்தபின் இழுத்தால் பெயின்ட் படலமும் சேர்ந்து உரியும்.

அடர் நிறச் சுவரில் ஓரம் மட்டும் கறுத்துச் சட்டம் போட்டதுபோல் தெரிகிறது என்பார்கள். பிரஷ்ஷால் ஓரத்தை முதலில் அடித்தது (ஓரம் வெட்டுவது என்போம்) காய்ந்துபோய், பிறகு ரோலர் ஓடியதால் வருவது. எல்லா ஓரத்தையும் முதலில் வெட்டிவைக்காமல், ஒரு சுவரை மட்டும் வெட்டி, ஈரம் இருக்கும்போதே ரோலரை ஓரத்துக்கு முடிந்தவரை நெருக்கி ஓட்டுங்கள். அந்த நேரம் ஃபேனை நிறுத்திவிடுங்கள்.

மீதி வைத்த ஒரு லிட்டரில் ஷேடு எண், பேஸ், பளபளப்பு, தயாரிப்புத் தொகுதி (batch) எண் நான்கையும் எழுதி ஒட்டுங்கள். மேட் சுவரில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். சாட்டினில் தொட்ட இடம் மினுமினுத்துத் தனியாகத் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுக்க ஒரு கோட் ஓட்டியாக வேண்டும்.